கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிங்க சார்

பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுகிற அப்பன்கள் வாத்தியாரிடம் வழிவழியாகச் சொல்லிவந்த வாசகம் இது. எல்லாச் சாதி அப்பன்களும் சொன்னதுதான். ஆனால் எல்லாச் சாதிப் பிள்ளைகளின் தோலும் ஒரே மாதிரி உரிக்கப்பட்டதில்லை. பண்ணையார் வீட்டுப் பிள்ளையின் முதுகில் பிரம்பு இறங்குவதற்கு முன் வாத்தியாருக்கு அவன் அப்பன் முகம் ஞாபகத்துக்கு வந்துவிடும். சேரிப் பிள்ளையை அடிக்கும்போது ஞாபகத்துக்கு வந்து கையைத் தடுக்க எந்த முகமும் கிடையாது. அவன் அப்பன்தான் முன்கூட்டியே உத்தரவு கொடுத்துவிட்டுப் போயிருக்கிறானே! எனவே பிள்ளை வளர்ப்பு, பெற்றோர் கடமை, ஒழுக்கம் என்று எவர் பேச ஆரம்பித்தாலும், யாருடைய தோல், யாருடைய பிரம்பு என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு பேச வேண்டியிருக்கிறது.

பேசுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. பிள்ளை வளர்ப்பு இன்றைக்கு நல்ல வியாபாரம். புத்தகக் கண்காட்சியில் அதற்கென்றே அடுக்கு அடுக்காகப் புத்தகங்கள். தனியார் பள்ளிகளில் பெற்றோரைக் கூட்டிவைத்துப் பேசுவதற்குக் கட்டணம் வாங்குகிற பேச்சாளர்கள். எல்லோர் சொல்வதையும் சேர்த்துப் பார்த்தால் ஐந்தாறு உபதேசங்கள்தான் தேறும். பிள்ளைக்குப் படிக்கத் தனி அறை கொடுங்கள். இரவு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். தினமும் ஒரு மணி நேரம் பிள்ளையோடு செலவிடுங்கள். டைரியில் மறக்காமல் கையெழுத்துப் போடுங்கள். நல்ல சேர்க்கை இருக்கிறதா என்று கவனியுங்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. யாரிடம் சொல்கிறார்கள்? மழை பெய்தால் ஒழுகுகிற தொகுப்பு வீட்டில் இருப்பதே ஒரு அறை. முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போகிறவர்களின் பிள்ளை அவர்களோடு சூளைக்கே போகிறது. டைரி எங்கே, கையெழுத்து எங்கே? விடியலில் சித்தாள் வேலைக்கு பஸ் ஏறி இருட்டிய பிறகு இறங்குகிற அம்மாவைப் பார்த்து 'பிள்ளைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கும்மா' என்கிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தை அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டது யார் என்று இவர்களில் ஒருவராவது கேட்டதுண்டா? அப்புறம் அந்த 'நல்ல சேர்க்கை'. ஊர்த்தெருவில் அதற்கு என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா? 'அந்தத் தெருப் பசங்களோட சேராத' என்று அர்த்தம். அவர்கள் எச்சரிக்கிற கெட்ட சேர்க்கையே நம் பிள்ளைதான்.

ஒழுக்கம் என்கிற சொல்லையும் கொஞ்சம் திருப்பிப் பார்த்துவிடலாம். பரிமேலழகர் திருக்குறளுக்கு எழுதிய உரைப்பாயிரத்தில் ஒழுக்கத்துக்கு விளக்கம் சொல்கிறார்: அந்தணர் முதலான வருணத்தார் அவரவர்க்கு விதிக்கப்பட்ட நிலைகளில் நின்று, அந்தந்த நிலைக்கு ஓதிய அறங்களிலிருந்து வழுவாமல் நடப்பது. வள்ளுவர் அப்படிச் சொன்னாரா என்பது வேறு வழக்கு. பல நூற்றாண்டுகளாகத் தமிழ்ப் புலமை உச்சிமேல் வைத்துக்கொண்டாடிய உரை இது. அந்தந்தச் சாதிக்காரன் அவனவன் இடத்தில் அடங்கி நிற்பதற்குப் பெயர் ஒழுக்கம்! இன்றைக்கும் பள்ளியில் நம் பிள்ளையிடம் எதிர்பார்க்கப்படுகிற ஒழுக்கம் அதுதானே? கைகட்டி நில். தலையைக் குனி. எதிர்த்துப் பேசாதே. 'நல்ல பையன் சார், இருக்கிற இடமே தெரியாது' என்று நம் பிள்ளைகளைப் பாராட்டுவார்கள். இருக்கிற இடம் தெரியாமல் இருப்பதற்குத்தான் இவர்கள் தருகிற நன்னடத்தைச் சான்றிதழ்.

பெற்றோரின் பங்கு என்பதற்கும் இந்த மண்ணில் ஒரு வரலாறு உண்டு. 1953இல் முதலமைச்சர் ராஜாஜி கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் ஒரு திட்டம் கொண்டுவந்தார். பள்ளியில் மூன்று மணி நேரப் படிப்பு. மீதிப் பொழுதில் பிள்ளை தன் அப்பன் செய்யும் தொழிலைக் கூட இருந்து கற்றுக்கொள்ள வேண்டும். பெற்றோரை ஆசிரியராக்கிய மகத்தான திட்டம்! வக்கீல் பிள்ளை வீட்டில் சட்டப் புத்தகத்தைப் புரட்டும். செருப்புத் தைக்கிறவர் பிள்ளை தோலைப் புரட்டும். பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் குலக்கல்வி என்று அதற்குச் சரியான பெயர் வைத்தார்கள், போராடினார்கள். 1954இல் காமராஜர் முதல்வரானதும் திட்டம் குப்பைக்குப் போனது. திட்டம்தான் போனது. பிள்ளையின் தலையெழுத்து அப்பன் கையில் என்கிற எண்ணம் போகவில்லை. நம் பிள்ளை தோற்றால் 'பேரன்ட்ஸ் சரியில்ல சார், வீட்டுச் சூழ்நிலை சரியில்ல' என்று ஆசிரியர் அறையில் டீ குடித்துக்கொண்டே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். பள்ளி தப்பித்தது, அரசு தப்பித்தது, ஊர் தப்பித்தது. மாட்டிக்கொண்டவள் சித்தாள் வேலைக்குப் போன அம்மா.

பெற்றோர் சரியாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? ராம்ஜி சக்பாலைவிடச் சரியான அப்பன் யார்? ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர், ராணுவப் பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தவர். பம்பாயில் ஒற்றை அறையில் குடியிருந்துகொண்டு விடியற்காலை இரண்டு மணிக்கு மகனை எழுப்பிப் படிக்க உட்கார வைத்தவர். மகன் கேட்ட புத்தகத்துக்காக மகள்களிடம் கடன் கேட்டார். அவர்கள் நகையை அடகு வைத்தார். இத்தனையும் செய்தார். ஆனாலும் சாத்தாரா பள்ளியில் அந்த மகன் உட்காரத் தனிக் கோணிதான். அந்தக் கோணியைத் தினமும் வீட்டுக்கு எடுத்துப்போய் மறுநாள் எடுத்துவர வேண்டும். பியூன் வந்து குழாயைத் திறந்தால்தான் தண்ணீர். பியூன் வரவில்லையென்றால் தாகம். பம்பாய் எல்பின்ஸ்டன் பள்ளியில் கணக்குப் போடக் கரும்பலகைக்கு அழைத்தபோது, பலகைக்குப் பின்னால் வைத்திருந்த சோற்று டப்பாக்கள் தீட்டுப்பட்டுவிடும் என்று பிள்ளைகள் பாய்ந்தோடி எடுத்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கும் அப்பா அம்மா இருந்தார்கள் அல்லவா? அவர்களின் வளர்ப்பைப் பற்றி எந்தப் புத்தகமாவது ஒரு வரி பேசியதா?

பழைய கதை என்று சொல்வார்கள். அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதாவின் அப்பா திருச்சி காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். தாயில்லாப் பிள்ளை. 2017இல் பிளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்தார். அந்த அப்பா இன்னும் என்ன செய்திருக்க வேண்டும்? மூட்டைக்கு மூட்டை தூக்கிப் படிக்க வைத்த பிறகு நுழைவாயிலையே மாற்றிக் கட்டினார்கள். ராதிகா வேமுலா தையல் மெஷின் மிதித்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். ஹைதராபாத் பல்கலைக்கழகம் ரோஹித்தின் உதவித்தொகையை மாதக்கணக்கில் நிறுத்தியது, விடுதியைவிட்டு வெளியேற்றியது. 2016 ஜனவரியில் பிணத்தைத்தான் அந்தத் தாயிடம் கொடுத்தது. நம் பெற்றோருக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை என்று இனி எவனாவது சொன்னால் இந்தப் பெயர்களைச் சொல்லி அவன் வாயை மூடுங்கள்.

ஒழுக்க வகுப்பு அவசரமாகத் தேவைப்படுகிற பெற்றோர் வேறு இடத்தில் இருக்கிறார்கள். 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில், தின்பண்டம் வாங்க வந்த சேரிப் பிள்ளைகளிடம் 'ஊர்க் கட்டுப்பாடு, உங்களுக்குக் கொடுக்கக் கூடாது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள்' என்று ஒரு கடைக்காரர் சொன்னார்; அதைத் தானே படமும் பிடித்தார். 2023 செப்டம்பரில் கரூர் மாவட்டம் வேலஞ்செட்டியூர் பள்ளியில், காலை உணவைச் சமைப்பவர் அருந்ததியர் பெண் என்பதால் சில பெற்றோர் தம் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. ஆட்சியரே வந்து அந்தப் பெண் சமைத்ததைச் சாப்பிட வேண்டியிருந்தது. கவனியுங்கள், ஆறு வயதுப் பிள்ளைக்குப் பசி தெரியும். உப்புமாவில் சாதி தெரியாது. தட்டை ஒதுக்கு என்று வீட்டில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இது பெற்றோரின் ஈடுபாடு இல்லையா? தினமும் பிள்ளையோடு நேரம் செலவிட்டு, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு, அக்கறையோடு சொல்லிக்கொடுத்த பாடம்தான் இது!

அந்தப் பாடம் வளர்ந்தால் எங்கே போய் நிற்கும் என்று 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பார்த்தோம். பிளஸ் டூ படிக்கிற தலித் மாணவனைக் கூடப் படிக்கிற சாதி இந்து மாணவர்கள் வதைத்தார்கள். அவன் பள்ளிக்குப் போக மறுத்தான். விஷயம் பள்ளிக்குத் தெரிந்து விசாரணை வந்ததும் இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. பதினேழு வயதுப் பையன்கள். பாடப் புத்தகத்திலா அரிவாள் இருந்தது? வெட்டுப்பட்ட அந்த மாணவன் மறு ஆண்டு பிளஸ் டூவில் 600க்கு 469 எடுத்தான். எந்த வீட்டுப் பிள்ளைக்கு ஒழுக்கம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை எடு, சாதிக் கயிறும் சாதி அடையாளங்களும் பள்ளிக்குள் வரக் கூடாது என்றெல்லாம் சொன்னது. உடனே கூச்சல் கிளம்பியது. 2019இலும் இதுதான் நடந்தது. மணிக்கட்டில் சாதிக்கொரு நிறத்தில் கயிறு கட்டுவதைத் தடுக்கக் கல்வித்துறை சுற்றறிக்கை விட்டது. அடுத்த மாதமே அன்றைய அமைச்சர் அது தனக்குத் தெரியாமல் போனது என்று பின்வாங்கினார். அந்தக் கயிற்றைக் கட்டி அனுப்புகிற கை எது? பள்ளிக்கூட வாசலில் நின்று கயிறை அறுப்பதோடு வேலை முடியாது. கட்டிவிட்ட வீட்டுக் கதவையும் தட்ட வேண்டும்.

சரி, அவர்கள் இருக்கட்டும். நாம் என்ன செய்வது? நம் அப்பன் அம்மாவுக்குச் சொல்ல ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. நிறைய இருக்கிறது. ஆனால் மைக் பேச்சாளர்கள் சொல்வதற்கு நேர்மாறாக.

முதல் காரியம், அந்த உத்தரவை வாபஸ் வாங்குங்கள். தோலை உரிக்க எவருக்கும் அனுமதி கிடையாது. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பிள்ளையை உடலால் அடிப்பதையும் மனதால் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. 'ஸ்காலர்ஷிப் பசங்கள்லாம் எந்திரிங்கடா' என்று வகுப்பு நடுவில் நிற்கவைப்பதும் மனத் துன்புறுத்தல்தான். நான் படித்த பள்ளியில் வருஷத்துக்கு ஒருமுறை அப்படி எழுந்து நிற்போம். மற்றவர்கள் உட்கார்ந்தபடியே எங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்கு எந்தப் பாடத்திலும் மதிப்பெண் கிடையாது. ஆனால் பத்து வருஷம் படித்த பாடம் அதுதான்.

இரண்டாவது, பிள்ளை சொல்வதை நம்புங்கள். 'நீ என்னடா பண்ணின, அதான் அடிச்சிருப்பாரு' என்பதுதான் நம் வீடுகளில் முதல் கேள்வியாக இருக்கிறது. 2022 கடைசியில் ஈரோடு மாவட்டம் பெருந்துறைப் பக்கம் ஒரு ஒன்றியப் பள்ளியில் தலித் பிள்ளைகளைக் கக்கூஸ் கழுவ வைத்தார்கள். ஒரு பையனுக்கு டெங்கு வந்தது. 'கொசு எங்கடா கடிச்சுது?' என்று அம்மா விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்த அம்மா பிள்ளையை அதட்டவில்லை, புகார் கொடுத்தார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தலைமையாசிரியர் கைதானார். எந்தப் புத்தகமும் படிக்காமல் அந்தத் தாய் செய்ததுதான் பிள்ளை வளர்ப்பு. அந்தச் சட்டத்தில் 2018இல் சேர்த்த 18ஏ பிரிவின்படி முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை. 'விசாரிச்சுட்டுச் சொல்றேம்மா, போயிட்டு வா' என்கிற ஏட்டிடம் இதைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, பள்ளி மேலாண்மைக் குழு. சட்டத்தின் 21ஆம் பிரிவு அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது. பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு விகிதப்படி இடம் என்கிறது. நடைமுறையில் என்ன? ஊர்ப் பெரியதனக்காரர் வீட்டு மருமகள் பெயர் இருக்கும். நம் தெருப் பெண் ஒருவர் பெயரும் இருக்கும். நோட்டு வீடு தேடி வரும், கையெழுத்து வாங்கிக்கொண்டு போகும். நோட்டு வீட்டுக்கு வரக் கூடாது. நம் பெண்கள் பள்ளிக்குப் போய் நாற்காலியில் உட்கார வேண்டும். அன்றைய கூலி போகுமே என்பார்கள். போகும். அந்தக் கூலியைத் தெருவே சேர்ந்து கொடுக்கட்டும்.

நான்காவது, என் பிழைப்பு சம்பந்தப்பட்டது. நான் வங்கியில் கிளார்க். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் தினமும் யாராவது ஒரு அம்மா நிற்கிறார்: 'ஸ்காலர்ஷிப் ஏறலீங்க சார்.' பெரும்பாலும் பணம் வேறு கணக்கில் கிடக்கிறது. அரசுப் பணம் ஆதார் வழியாக வருகிறது. கடைசியாக எந்தக் கணக்கில் ஆதாரை இணைத்தார்களோ அந்தக் கணக்குக்கு அது போகிறது. கைபேசிக் கடையில் சும்மா தொடங்கிக் கொடுத்த கணக்காகவும் அது இருக்கலாம். உதவித்தொகைக்கென்று பூஜ்ய இருப்பில் தொடங்கிய மாணவர் கணக்கை, இரண்டு வருஷம் வரவு செலவு இல்லை என்பதற்காக முடக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியே சொல்லிவிட்டது. 2024 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறை. கணக்கு முடங்கிவிட்டது என்று கவுன்ட்டரில் விரட்டினால் இதைச் சொல்லிக் கேளுங்கள். அரசு பிச்சை போடவில்லை. மெட்ரிக்குக்குப் பிந்தைய உதவித்தொகை 1944இல், வைஸ்ராய் நிர்வாக சபையில் அம்பேத்கர் இருந்த காலத்தில் தொடங்கியது. போராடி வாங்கியதை விசாரித்து வாங்குவதும் பெற்றோர் வேலைதான்.

ஐந்தாவது, வீட்டுக்குள். எழுத்தறியாத அம்மாவால் படிப்பில் உதவ முடியாது என்பது பொய். என் அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு 'இன்னைக்கி என்ன நடத்துனாங்க, எனக்கு வெளங்குற மாதிரி சொல்லு' என்பார். விளங்காவிட்டால் விடமாட்டார். அவருக்குச் சொல்லி விளங்கவைத்தது எதுவும் எனக்கு மறந்ததில்லை. இதற்குத் தனி அறை வேண்டாம். ஆனால் ஒன்று வேண்டும்: அந்த நேரத்தில் குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிக்கிற அப்பன் இருக்கக் கூடாது. சாதிக்காரன் வெளியே செய்வதை நம் ஆண்கள் வீட்டுக்குள் செய்துகொண்டிருந்தால் பிள்ளை எந்த விடுதலையைக் கற்கும்? வயதுக்கு வந்ததும் பெண் பிள்ளையின் படிப்பை நிறுத்துவதும் அதே கணக்கில்தான் சேரும். இதைச் சொன்னால் 'உள் விஷயத்தை வெளியே பேசாதே' என்று சில தோழர்கள் கோபிக்கிறார்கள். கோபிக்கட்டும்.

கடைசியாக, சாதியைப் பற்றிப் பிள்ளையிடம் வீட்டில் பேசுங்கள். பள்ளிக்கூடம் சொல்வதற்கு முன் நாம் சொல்லிவிட வேண்டும். கூடப் படிக்கிறவன் வசவாகச் சொல்லித் தன் சாதியைத் தெரிந்துகொள்கிற பிள்ளை ஒடிந்துபோகிறது. அயோத்திதாசரையும் இரட்டைமலை சீனிவாசனையும் தெரிந்துகொண்டு போகிற பிள்ளை திருப்பிக் கேட்கிறது. 1855இல், பதினான்கு வயதில், மகாராஷ்டிரத்து மாங் சாதிச் சிறுமி முக்தா சால்வே எங்களுக்கு மதம் எது என்று கேட்டுக் கட்டுரை எழுதினாள். சாவித்ரிபாயும் ஜோதிராவ் பூலேயும் நடத்திய பள்ளியில் படித்தவள் அவள். கேள்வி கேட்பதுதான் நாம் வளர்க்க வேண்டிய குணம். அதற்கு ஒழுங்கீனம் என்று அவர்கள் பெயர் வைத்தால் வைத்துக்கொள்ளட்டும்.

இதை நம்மில் படித்து வேலைக்கு வந்தவர்கள்தான் முதலில் மறைக்கிறார்கள். அடுக்குமாடிக்குக் குடிபோய், அம்பேத்கர் படத்தை அலமாரிக்குள் வைத்துவிட்டு, 'பிள்ளைங்களுக்கு அதெல்லாம் தெரிய வேணாம்' என்கிறார்கள். கல்லூரி விண்ணப்பம் எழுதும் நாளில் பதினேழு வயதுப் பிள்ளை திடீரென்று தெரிந்துகொண்டு கூனிக் குறுகுகிறது. படித்தவர்கள் தன்னை ஏமாற்றிவிட்டதாக 1956 மார்ச்சில் ஆக்ராவில் பாபாசாகேப் வேதனையோடு சொன்னது இவர்களை நினைத்துத்தான். மாதம் ஒரு ஞாயிறு ஊருக்குப் போய்ப் பத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வங்கி எழுத்தர்களாலும் ஆசிரியர்களாலும் முடியாதா?

இதழைப் படிக்கிற மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் தெருப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்குப் போங்கள். மேலாண்மைக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், எத்தனை பேர் நம் பெண்கள், கடைசிக் கூட்டம் எப்போது நடந்தது, கக்கூஸை யார் கழுவுகிறார்கள், சத்துணவை யார் சமைக்கிறார்கள் என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். பள்ளியின் பெயரைப் போட்டே எழுதுங்கள்.